சூறாவளியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவது எப்படி? திருகோணமலையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூறாவளி ஓய்ந்த முதல் நாளில் பாதிக்கப்படாதவர்கள் என்ன செய்ய வேண்டும்?

முதலில் தமது ஒழுங்கையைப் பார்க்க வேண்டும். மீட்புப் பணி என்றதும் கடற்படைப் படகும் விமானப்படை ஹெலிகொப்டருமே நினைவுக்கு வந்தாலும், முதல் சில மணித்தியாலங்களில் கூரை இழந்த வீட்டிலிருந்து முதியவரைத் தூக்கி வருபவர் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்தான். தனித்து வாழும் வயோதிபர், நிறைமாதக் கர்ப்பிணி, இரத்தச் சுத்திகரிப்புக்காக வைத்தியசாலைக்குச் செல்பவர், இன்சுலினைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருப்பவர் ஆகியோர் உங்கள் அயலில் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதை அறிந்து வைத்திருந்தால், அன்றைக்கு அதைவிடப் பெறுமதியான தகவல் வேறில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. நோயாளியை ஏற்றிச் செல்வதற்கு 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை உண்டு. அறுந்து விழுந்த மின்கம்பிகளைப் பற்றி 1987 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

பாதிக்கப்பட்ட வேறு ஊர்களைப் பார்க்க அன்று வாகனம் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டாம். மட்டக்களப்பு வீதியோ புல்மோட்டை வீதியோ பாதி நீரில் கிடக்கும்போது, வேடிக்கை பார்க்கப் போன ஒரு வான் நடுவில் நின்றுவிட்டால் அதன் பின்னால் குடிநீர்ப் பவுசரும் நிற்க வேண்டியிருக்கும்.

திருகோணமலை மாவட்டத்தில் எந்தப் பகுதிக்கு எந்த வகையான உதவி தேவைப்படும்?

அது சூறாவளி எதனால் அழித்தது என்பதைப் பொறுத்தது. ஒரே மாவட்டத்துக்குள் காற்று ஒரு ஊரையும், கடல் இன்னோர் ஊரையும், ஆறு வேறோர் ஊரையும் தாக்கும். 1978 நவம்பர் 23 ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கி 900 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட சூறாவளியையே கிழக்கில் மூத்தவர்கள் இன்றும் அளவுகோலாகச் சொல்வார்கள். 2000 டிசம்பர் 26 ஆம் திகதி திருகோணமலைக்குச் சற்றுத் தெற்கே கரையைக் கடந்த சூறாவளி கடுங்காற்றோடு வந்தது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி, குச்சவெளிக்கும் திரியாய்க்கும் அண்மையில் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாவோ காற்றைவிட மழையினாலேயே நாடு முழுவதிலும் 600 க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அவற்றில் பெரும்பாலானவை மலைநாட்டு மண்சரிவுகளில் போயின. அங்கே பெய்த மழை மகாவலியோடு இறங்கி வந்து மூதூர், வெருகல், சேருவில, கிண்ணியாப் பக்கங்களை மூழ்கடித்ததும், மாவிலாற்றின் அணைக்கட்டு உடைப்பெடுத்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அதன் கிளையான வெருகல் ஆறு தெற்கே இறங்குகிறது. ஆகவே கண்டியில் பெய்யும் மழை நமக்குச் சொந்தமில்லாத மழை அல்ல. நம் ஊரில் வெயில் எறிக்கத் தொடங்கி, மக்கள் முகாமை விட்டு வீடு திரும்ப எண்ணும் நேரத்தில்தான் வெருகலில் நீர் ஏறும். உதவி சேகரிப்பவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுப்பது அரிது. முதல் நாளிலேயே கையிருப்பு முழுவதையும் நகரை அண்டிய முகாம்களில் கொடுத்து முடித்துவிட்டு, ஆற்றோரக் கிராமங்கள் மூழ்கும்போது வெறுங்கையோடு நிற்பதைத் தவிர்க்க வேண்டும்.

காற்றடித்த இடத்துக்குத் தறப்பாளும், கூரைத் தகரமும், மரம் அறுக்கும் இயந்திரமும் வேண்டும். வெள்ளம் புகுந்த இடத்தில் கூரை இருக்கும். பாய், சட்டி பானை, அடுப்பு, உடுபுடவை, குடிக்கத்தக்க கிணறு ஆகியவை இருக்கமாட்டா. மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் எதில் எது நிகழ்ந்தது என்பதை அந்தந்தப் பிரதேச செயலகத்தில் கேட்டறிந்த பின்னர் சேகரிப்பைத் தொடங்கினால், பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

பணமாகக் கொடுப்பது நல்லதா, பொருளாகக் கொடுப்பது நல்லதா?

பணம். பொருளைக் கையால் எடுத்துக் கொடுப்பதில் ஒரு மனநிறைவு இருப்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த நிறைவு கொடுப்பவருக்கானது. பொருளை வகைப்படுத்த ஆள் வேண்டும், வைக்கக் கட்டடம் வேண்டும், ஏற்ற லொறி வேண்டும், லொறிக்கு டீசல் வேண்டும். அனர்த்த காலத்தில் இந்த நான்குமே தட்டுப்பாடானவை.

2017 செப்டெம்பரில் கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவை மரியா என்ற பெருஞ்சூறாவளி தாக்கியது. ஓராண்டு கழிந்த பின்னர், அத்தீவின் செய்பா என்ற இடத்திலுள்ள ஓர் ஓடுபாதையில் பெருந்தொகையான குடிநீர்ப் போத்தல்கள் விநியோகிக்கப்படாமல் அடுக்கடுக்காக வெயிலில் கிடந்த படங்கள் வெளிவந்தன. செல்வம் மிக்க ஒரு நாட்டின் நிருவாகத்தின் கீழேயே தண்ணீர் மக்களிடம் போய்ச் சேராமல் நின்றதென்றால், ஒரு பாடசாலை மண்டபத்தில் குவியும் நம்முடைய பொதிகளுக்கு என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பணத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கிண்ணியாவிலோ மூதூரிலோ கடை திறந்திருந்தால், அங்கேயே அரிசியும் பருப்பும் வாங்குவதால் வெள்ளத்தில் நட்டப்பட்ட கடைக்காரரும் எழுந்து நிற்பார். கொழும்பில் வாங்கி லொறியில் ஏற்றி வந்து, திறந்திருக்கும் கடைகளுக்கு எதிரே இலவசமாக இறக்குவது அவருக்கு இரண்டாவது அடி. கடைகளே மூடிக்கிடக்கும் முதல் சில நாட்களிலும், வீதி துண்டிக்கப்பட்ட ஊர்களிலும் மட்டும் இந்த முறை மாறும். அங்கே பொருள்தான் போக வேண்டும்.

யாரிடம் பணத்தைக் கொடுப்பது?

அரசின் நிவாரண நிதிக்குக் கொடுப்பவர்கள் உரிய திணைக்களம் அறிவிக்கும் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செலுத்த வேண்டும். இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு மாவட்டந்தோறும் கிளைகளும் பயிற்சி பெற்ற தொண்டர்களும் உள்ளனர். இவற்றைத் தவிர, நம் மாவட்டத்தில் அனர்த்தம் வருவதற்கு முன்பிருந்தே இயங்கும் அமைப்புகள் ஏராளம்: கோவில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிருவாக சபை, தேவாலயப் பங்குச் சபை, கடற்றொழிலாளர் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம். இவர்களிடம் ஊரின் குடும்ப விபரம் இருக்கும். கணக்குக் கேட்க ஊராரும் இருப்பார்கள்.

சூறாவளிக்கு மறுநாள் உருவான வட்ஸ்அப் குழுவொன்று தனிநபரின் வங்கிக் கணக்கைப் போட்டுப் பணம் கேட்டால், அவர் நல்லவராகவே இருந்தாலும் மூன்று விடயங்களைக் கேளுங்கள். எந்தக் கிராமத்துக்குக் கொடுக்கிறீர்கள், அங்கே உங்களுக்குப் பொறுப்பாக இருப்பவர் யார், செலவுக் கணக்கை எப்போது காட்டுவீர்கள்? நேர்மையானவர் இக்கேள்விகளால் கோபப்பட மாட்டார்.

உலர் உணவுப் பொதியில் என்ன இருக்க வேண்டும்?

நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு வாரத்துக்கு ஏறத்தாழ 11 கிலோ அரிசி, 2 கிலோ பருப்பு, ஒரு லீற்றர் எண்ணெய், சீனி, தேயிலை, உப்பு, செத்தல் மிளகாய் அல்லது மிளகாய்த்தூள், மஞ்சள், கோதுமை மா, சவர்க்காரம், தீப்பெட்டி, மெழுகுதிரி. மனிதாபிமானப் பணியில் உலகெங்கும் பின்பற்றப்படும் தராதரம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரி என்கிறது. பொதி அழகாக இருக்கிறதா என்பதை விடுத்து அந்தக் கணக்குக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். விஸ்கற் பக்கற்றுகளாலும் நூடில்ஸாலும் நிரப்பிய பொதி படத்தில் பெரிதாகத் தெரியும்; ஒரு வாரத்துக்கு வயிற்றை நிரப்பாது.

நம் மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ்கிறார்கள் என்பதையும், வடகீழ்ப் பருவமழைக் காலமாகிய கார்த்திகை, மார்கழியில்தான் இங்கே சூறாவளி வருகிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். அம்மாதங்களில் ஐயப்ப விரதமும் பிள்ளையார் பெருங்கதை விரதமும் நடக்கும் வீடுகள் பல. ஆகவே ரின் மீனை அரிசிப் பொதிக்குள் போடாமல், தனிப் பெட்டியில் கொண்டு சென்று வேண்டியவர்களுக்குக் கொடுப்பது நல்லது. இறைச்சி கலந்த எதுவாயினும் ஹலால் சான்று இல்லாமல் அனுப்ப வேண்டாம். பட்டினி கிடப்பவருக்கு இதெல்லாம் பெரிதா என்று சிலர் கேட்பதுண்டு. வீட்டை இழந்தவரிடம் எஞ்சியிருப்பது அவருடைய வழக்கம்தான். அதையும் கைவிடச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

பொதி கொடுக்கும்போது அடுப்பையும் பற்றிக் கேளுங்கள். விறகு நனைந்து, எரிவாயு சிலிண்டர் வெள்ளத்தோடு போய்விட்ட வீட்டில் அரிசி ஒரு மூட்டை இருந்தும் பயனில்லை.

சமைத்த உணவு கொண்டு செல்லலாமா?

முதல் மூன்று நான்கு நாட்களுக்கு அதுவே சிறந்தது, ஒருங்கிணைப்பு இருந்தால். இல்லாவிட்டால் ஒரே முகாமுக்கு மதியம் நான்கு குழுக்கள் சோற்றுப் பொதியோடு வந்திறங்கும். இரவுக்கு எவரும் வரமாட்டார்கள். முகாமுக்குப் பொறுப்பான கிராம உத்தியோகத்தரை முந்திய நாளே தொலைபேசியில் அழைத்து, எந்த வேளை வெறுமையாக இருக்கிறது, எத்தனை பேர், அவர்களில் சிறுபிள்ளைகள் எத்தனை பேர், நீரிழிவு நோயாளர் எத்தனை பேர் என்று கேளுங்கள். காலை பத்து மணிக்குச் சூட்டோடு கட்டிய பொதி வீதியில் தாமதித்துப் பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தால் அதை உண்ணக் கொடுக்கக்கூடாது. தூர இடங்களுக்குப் பொதியாகக் கட்டிச் செல்வதைவிடப் பெரிய பாத்திரங்களையும் பொருட்களையும் ஏற்றிச் சென்று, முகாமிலுள்ள பெண்களையும் ஆண்களையும் சேர்த்துக்கொண்டு அங்கேயே சமைப்பது மேலானது. முகாமில் இருப்பவர்களுக்கு உணவைப் போலவே வேலையும் தேவைப்படுகிறது.

பழைய உடுப்புகளைச் சேர்த்து அனுப்பலாமா?

வேண்டாம். புதிய உள்ளாடைகள், சாரம், சோட்டி, துவாய், போர்வை ஆகியவற்றை மட்டும் அளவு வாரியாகப் பிரித்து அனுப்பலாம். மற்றவை பெரும்பாலும் முகாம் வளவில் மூலைக்குப் போய், மழையில் ஊறி, கடைசியில் பிரதேச சபையின் குப்பை உழவு இயந்திரத்தில் ஏறும்.

குடிநீருக்கு என்ன வழி?

போத்தல் நீர் முதல் இரண்டு நாட்களுக்கு உதவும்; அதற்கு மேல் தாக்குப்பிடிக்காது. குடிக்க, சமைக்க, கழுவ என்று ஆளொருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர் என்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட தராதரம். 200 பேர் தங்கியுள்ள பாடசாலைக்கு 3,000 லீற்றர். அதைப் போத்தலில் கொடுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பவுசரும், அதை நிரப்பி வைக்கத் தாங்கியும், மூடியும் குழாயும் உள்ள கொள்கலன்களும்தான் தேவை. 2,000 லீற்றர்த் தாங்கி ஒன்றை வாங்கிக் கொடுக்கும் குழு, ஆயிரம் போத்தல் கொடுக்கும் குழுவைவிட அதிகம் செய்கிறது.

வெள்ளம் புகுந்த கிணற்றை இறைத்து, சேற்றை அகற்றி, குளோரின் இட்ட பின்னரே பாவிக்க வேண்டும். குளோரினின் அளவைக் கிணற்றின் விட்டத்தையும் நீர் மட்டத்தையும் கொண்டு கணிக்க வேண்டியிருப்பதால், அதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விட்டுவிட்டு, இறைக்கும் இயந்திரத்தையும் எரிபொருளையும் ஆட்பலத்தையும் நாம் கொடுக்கலாம். பரிசோதகர் வந்து சேரும் வரை கொதித்தாறிய நீரையே குடிக்க வேண்டும்.

கடல்நீர் புகுந்த கிணறு வேறு கதை. நிலாவெளி, குச்சவெளி போன்ற மணற்பாங்கான கரையோரத்தில் நன்னீர், அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கிணற்றை ஆவேசமாகத் திரும்பத் திரும்ப இறைத்தால் அந்தப் படை குலைந்து, அடியிலுள்ள உப்புநீர் மேலே வரும். 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் கிழக்குக் கரையில் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட கிணறு இறைப்புகள் சில இடங்களில் இந்த விளைவையே தந்தன. சேற்றை எடுக்க ஒரு முறை அளவாக இறைத்துவிட்டு, அடுத்த மழைகள் உப்பைக் கழுவும் வரை பவுசர் நீரைத் தொடர்ந்து வழங்குவதே அங்கு செய்யக்கூடியது.

குழந்தைகளுக்குப் பால்மா கொடுக்கலாமா?

பொதுவில் விநியோகிக்கக்கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, சுத்தமான நீரும் கொதிக்க வைக்க அடுப்பும் இல்லாத முகாமில் பால்மாவைப் பழக்குவது ஆபத்து. 2006 இல் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்குப் பின் நடந்த ஆய்வில், நன்கொடையாக வந்த குழந்தைப் பால்மாவைப் பெற்ற குழந்தைகளிடையே வயிற்றோட்டம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்பட்டது. தாய் இல்லாத, அல்லது முன்பே பால்மாவை நம்பியிருந்த குழந்தைக்கு உண்மையாகவே அது வேண்டும். அந்தக் குழந்தை யார் என்பது குடும்ப நல உத்தியோகத்தருக்குத் தெரியும். அவர் மூலமாகக் கொடுங்கள். பாலூட்டும் தாய்க்கு நல்ல உணவும், மறைவான இடமும், தாராளமான நீரும் கொடுப்பதே குழந்தைக்குச் செய்யும் உதவி.

மருந்துகளைச் சேகரிக்கலாமா?

வீட்டில் மிஞ்சிய மருந்துகளைச் சேகரிக்க வேண்டாம். எந்த மருந்து குறைவாக இருக்கிறது என்பதை வைத்தியசாலையிடம் எழுத்தில் கேட்டு, காலாவதித் திகதி குறைந்தது ஓராண்டுக்கு அப்பால் உள்ளதாக வாங்கிக் கொடுக்கலாம். வயிற்றோட்டத்துக்கு நீரில் கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பக்கற்றும், காயத்துக்குக் கட்டும் துணியும், நுளம்பு வலையும் எப்போதும் பயன்படும்.

உடலுழைப்பால் உதவ விரும்புபவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

சேறு அள்ளுவது, மரம் வெட்டி அகற்றுவது, கூரை வேய்வது ஆகியவற்றுக்குத்தான் மிக அதிகமான கைகள் வேண்டும். இந்த வேலையே படத்தில் வராதது என்பதாலோ என்னவோ, பொதி கொடுக்க வருவோரில் சிறுபகுதியினர்கூட இதற்கு நிற்பதில்லை. வருபவர்கள் தமது மண்வெட்டி, கடகம், கையுறை, முழங்கால் வரையான பாதணி, குடிநீர், சாப்பாடு எல்லாவற்றையும் தாமே கொண்டுவர வேண்டும். பாதிக்கப்பட்ட வீட்டாரின் சாப்பாட்டில் பங்கு கேட்கும் தொண்டர் சுமையே ஆவார்.

சேற்றுநீரில் நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் அபாயம் உண்டு. அதைத் தடுக்கும் மாத்திரையைச் சுகாதாரப் பணிமனையின் ஆலோசனைப்படியே எடுக்க வேண்டும். நாமாக வாங்கி எல்லோருக்கும் பகிர்ந்து கொடுக்கக்கூடாது. கால் காயத்தோடு சேற்றில் இறங்குவதைத் தவிர்க்க வேண்டும், ஏற்பூசி (ஏற்புவலித் தடுப்பூசி) போட்டுக் காலம் கடந்திருந்தால் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஒரு வாரத்துக்குப் பின் வந்த காய்ச்சலையும் கெண்டைக்கால் வலியையும் களைப்பு என்று எண்ணிப் பனடோலோடு நிறுத்திவிடாமல், வெள்ளத்தில் வேலை செய்ததை வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டுகளைக் காய்ந்த நிலையில் அடித்து நொறுக்கக்கூடாது. தூசு பறக்காதபடி நனைத்து, முகமூடி அணிந்து, முழுத் துண்டாகவே அகற்ற வேண்டும். பிரதான ஆளியை அணைக்கும் வரை ஈரச் சுவரில் கை வைக்க வேண்டாம். வெள்ளம் அரித்த நிலத்தில் போர்க்கால வெடிபொருள் போல எதையாவது கண்டால், தொடாமல், இடத்தை அடையாளமிட்டு 119 இல் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

முகாமிலுள்ள பெண்களின் தேவைகளை எப்படி அறிவது?

பெண் தொண்டர்கள் போய்க் கேட்டால்தான் தெரியும். அணையாடை, உள்ளாடை, வாளி, உடை மாற்ற மறைப்பு என்பவை பட்டியலில் வந்துவிடும். மலசலகூடத்துக்கு உட்தாழ்ப்பாளும் அங்கு செல்லும் வழியில் விளக்கும் இல்லை என்பது பட்டியலில் வராது. பாடசாலைக் கட்டடத்தில் 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்ற தராதரத்தை எட்டுவது கடினம். இருப்பவற்றையாவது பெண்களுக்குத் தனியாகப் பிரித்து, சூரிய ஒளி விளக்கொன்றை மாட்டிக் கொடுப்பதற்கு அதிகம் செலவாகாது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கானது 1929. இவற்றைப் பெரிய எழுத்தில் எழுதி மூன்று மொழிகளிலும் ஒட்டி வையுங்கள்.

முகாமுக்கு வராதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

இக்கேள்வியை இன்னும் பலர் கேட்க வேண்டும். பாதிக்கப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் உறவினர் வீட்டுக்குத்தான் போகிறார்கள். இரண்டு அறை வீட்டில் மூன்று குடும்பங்கள் தங்கியிருக்கும். அந்த வீட்டின் அரிசி ஐந்தாம் நாள் தீரும். வெளியிலிருந்து பார்த்தால் அது பாதிக்கப்படாத வீடு. அப்படி இடம் கொடுத்த வீட்டாரையும் உதவி பெறுவோராகக் கணக்கிட வேண்டும். வாடகைக்கு இருந்தவர்கள், வேறு பிரிவில் வாக்காளராகப் பதிந்தவர்கள், அடையாள அட்டையில் பழைய முகவரி உள்ளவர்கள், போரின்போது இடம்பெயர்ந்து இன்னும் காணி உறுதி கிடைக்காதவர்கள் ஆகியோர் கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் விடுபட வாய்ப்புண்டு. பட்டியலை எதிர்த்துச் சண்டையிடுவதைவிட, விடுபட்டவர்களின் பெயரை எழுத்தில் அவரிடம் கொடுத்துப் பிரதியில் கையெழுத்து வாங்குவது பயன் தரும்.

கடற்றொழிலாளர்களுக்கு வலையும் படகும் வாங்கிக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கேட்டுவிட்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இலங்கைக் கரையெங்கும் படகுகள் வந்து குவிந்தன. கடலுக்கே போகாத சிலருக்கும் படகு கிடைத்தது. தரமற்ற பைபர் படகுகள் கரையிலேயே கிடந்தன. சில இடங்களில் முன்பிருந்ததைவிடப் படகு கூடி, மீன் பங்கு குறைந்தது. கொடுத்தவர்கள் எவரும் தீய எண்ணத்தோடு கொடுக்கவில்லை. கரையில் நின்று ஒரு மாதம் விசாரிக்கும் பொறுமை அவர்களுக்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

வலை என்பது ஒரே பொருளல்ல. கண்ணின் அளவு, நூலின் பருமன், ஆழம் எல்லாம் பிடிக்கும் மீனுக்கும் தொழில் செய்யும் இடத்துக்கும் ஏற்ப மாறும். கொட்டியாரக் குடாவுக்குள் தொழில் செய்பவருக்கு வேண்டியது புல்மோட்டையில் கடலுக்குப் போகிறவருக்கு உதவாது. தடை செய்யப்பட்ட தங்கூசி வலையை (ஒற்றை நைலோன் இழையாலான வலை) அறியாமல் வாங்கிக் கொடுத்துத் தொழிலாளியை வழக்கில் மாட்டிவிடவும் கூடாது. கடற்றொழிலாளர் சங்கத்தையும் கடற்றொழில் பரிசோதகரையும் வைத்துக்கொண்டு, இழப்பை ஆளாளுக்குப் பதிந்து, முடிந்தவரை புதிது வாங்குவதற்கு முன் பழுதுபார்ப்புக்குப் பணம் கொடுங்கள். நீரில் மூழ்கிய வெளியிணைப்பு எஞ்சினை முடிந்தவரை விரைவாக நன்னீரால் கழுவி எண்ணெய் மாற்றினால் பலவேளைகளில் காப்பாற்றிவிடலாம். கெட்டிக்காரரான ஒரு மெக்கானிக்கை உபகரணங்களோடு கரைக்கு அழைத்துச் செல்வது, ஒரு புதிய எஞ்சினின் விலையில் சிறுபங்குக்குள் பல குடும்பங்களின் தொழிலை மீட்கக்கூடும்.

வயலும் மாடும் இழந்தவர்களுக்கு?

தம்பலகாமம், கந்தளாய், மூதூர், சேருவில வயல்களில் பெரும்போக விதைப்பு ஐப்பசி, கார்த்திகையில் முடியும். பயிர் இளசாக இருக்கும்போதே சூறாவளி வருகிறது. மூழ்கிய வயலை மறுபடி விதைக்கும் அவகாசம் சில வாரங்கள்தான். அந்த நேரத்தில் வேண்டியது குறுகிய வயதுடைய விதைநெல்லும், நிலத்தைத் திருத்த உழவு இயந்திரக் கூலியும். இரண்டு மாதம் கழித்து வரும் விதைநெல் உணவாகவே முடியும். கமநல சேவை நிலையத்தில் பதிவுள்ள விவசாயியோடு, குத்தகைக்குச் செய்தவரையும் கேட்டறியுங்கள். நட்டம் அவருடையது, ஆனால் பதிவு காணிக்காரரின் பெயரில் இருக்கும். வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் மாடுகளை இழந்த பட்டிக்காரருக்கு, எஞ்சிய மாடுகளைக் காப்பாற்ற வைக்கோலும் கால்நடை வைத்தியரும் உடனே தேவை. இறந்த மாடுகளைக் குடிநீர்க் கிணறுகளுக்கு அப்பால் ஆழமாகப் புதைக்க இயந்திரம் கொடுப்பதும் பெரிய உதவி.

மாணவர்களுக்கு எப்படி உதவலாம்?

உயர்தரப் பரீட்சை அண்மைக் காலமாக நவம்பரிலேயே தொடங்குகிறது. டித்வாவின்போது அது இடையில் நிறுத்தி ஒத்திவைக்கப்பட்டது. பாடப்புத்தகத்தை அரசு மீண்டும் தரும், குறிப்புக் கொப்பியை எவரும் தரமாட்டார்கள். நகரப் பாடசாலைகளில் அதே பாடம் படிப்பவர்களின் குறிப்புகளைப் பிரதியெடுத்துக் கொடுப்பது மாணவர்களே மாணவர்களுக்குச் செய்யக்கூடிய உதவி. முகாமாக இருந்த பாடசாலையைத் துப்புரவாக்கி விரைவில் திறக்க உதவுவதும் இதில் அடங்கும்.

எழுதப் படிக்கத் தெரிந்ததைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. என்ன செய்வது?

படிவம் நிரப்புங்கள். இழப்பீட்டு விண்ணப்பம், அடையாள அட்டையின் இணைப்பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, வங்கிப் புத்தகம், காணி அனுமதிப்பத்திரம் என்று ஒரு குடும்பம் அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருக்கும். சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தமிழில் விளக்கவும், வீட்டின் சேதத்தைத் துப்புரவாக்குவதற்கு முன்னரே படமெடுத்துத் திகதியோடு சேமித்து வைக்கவும், மதிப்பீட்டுக்கு அதிகாரி வரும் நாளில் உடனிருக்கவும் ஒருவர் இருந்தால், ஒரு உணவுப் பொதியைவிடப் பல மடங்கு பெறுமதியான தொகை அக்குடும்பத்தின் கைக்குச் சேரும். நனைந்த பத்திரங்களைப் பிரித்து நிழலில் உலர்த்துவதையும் சொல்லிக் கொடுங்கள். வெயிலில் காய வைத்தால் சுருண்டு ஒட்டிக்கொள்ளும்.

உதவி வழங்கும்போது படம் எடுக்கலாமா?

கணக்குக் காட்டப் பற்றுச்சீட்டும் பொருட்களின் படமும் போதும். பொதியை நீட்டிய கையோடும் வாங்குபவரின் முகத்தோடும் எடுக்கும் படம் எவருக்கும் தேவையற்றது. சிறுபிள்ளைகளை எடுக்கவே கூடாது.

மலைநாட்டுக்குத் திருகோணமலையிலிருந்து உதவி அனுப்பலாமா?

அனுப்ப வேண்டும். டித்வா நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் தோட்டத் தொழிலாளரின் லயன்களைப் பெரிதும் தாக்கியது. அங்கு தேவைகள் வேறு: குளிர் தாங்கும் கம்பளியும் மேலாடையும் அவர்களுக்கு உண்மையாகவே வேண்டும், உடுப்பு அனுப்ப வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் வீட்டைத் திருத்திக் கொடுப்பதோ புதிதாகக் கட்டிக் கொடுப்பதோ, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த நிலத்தைப் பரிசோதித்து அனுமதித்த பின்னரே நடக்க வேண்டும். தொழிலாளருக்குச் சொந்தக் காணி இல்லாததால் கட்டுவதற்கு இடமே முதற் சிக்கலாகிறது. அதைப் பொதியால் தீர்க்க முடியாது, அவர்களோடு சேர்ந்து குரல் கொடுக்கலாம்.

வெளிநாட்டில் வாழ்கிறோம். கொள்கலனில் பொருட்களை அனுப்பலாமா?

கப்பலில் வரும் வாரங்களும், துறைமுகத்தில் நிற்கும் நாட்களும், அதற்கான கட்டணமும் சேர்ந்தால் இங்கே வாங்கக்கூடிய அரிசிக்கு அங்கிருந்து இரு மடங்கு செலவழிப்பீர்கள். பணத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை இப்போதும் மறுபாதியை மூன்று மாதம் கழித்தும் அனுப்புங்கள். கரீபியனிலோ அமெரிக்காவிலோ சூறாவளி தாக்கும்போது இங்கிருந்து உதவ விரும்புபவர்களுக்கும் விடை இதுவே: அந்நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு, முடிந்த தொகை.

வட்ஸ்அப்பில் வரும் உதவிக் கோரிக்கைகளை நம்பலாமா?

திகதியும் இடமும் தொடர்பு இலக்கமும் இல்லாத குரல்பதிவை மற்றவருக்கு அனுப்ப வேண்டாம். இலக்கம் இருந்தால் அழைத்துப் பாருங்கள். உதவி போய்ச் சேர்ந்த பின்னரும் அதே செய்தி நாட்கணக்கில் சுற்றுவது வழக்கம். குளம் உடைந்துவிட்டது என்ற வதந்தி, 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளம் உண்மையாகவே உடைந்ததைக் கண்ட மாவட்டத்தில் மக்களை நள்ளிரவில் ஓட வைக்கும். 117 இல் கேட்டுறுதி செய்யாமல் அதைப் பகிர்வது தீங்கு.

எவ்வளவு காலத்துக்கு உதவ வேண்டும்?

புவேர்ட்டோ ரிக்கோவில் மரியாவால் இறந்தவர்கள் 64 பேர் என்று அரசு முதலில் அறிவித்தது. பின்னர் ஜோர்ஜ் வொஷிங்டன் பல்கலைக்கழகம், 2018 பெப்ரவரி வரையான ஏறத்தாழ ஐந்து மாதங்களில் வழக்கத்தைவிட எத்தனை பேர் அதிகமாக இறந்தார்கள் என்று கணித்தபோது, அத்தொகை 2,975 ஆனது. அரசும் அதையே ஏற்றுக்கொண்டது. காற்றும் வெள்ளமும் நேரடியாகக் கொன்றதைவிட, மின்சாரமும் மருந்தும் வைத்தியசாலைக்குப் போகும் வழியும் இல்லாத பிந்திய மாதங்கள் கொன்றது அதிகம். முதியவர்களும் வறியவர்களுமே அதில் கூடுதலாக இறந்தார்கள்.

நம்மூரிலும் பொதிகள் வந்து குவிவது முதல் பத்து நாட்கள். முகாமை மூடி மக்கள் வீடு திரும்பும் மூன்றாம் வாரத்தில் உதவிக்கு வருபவர்கள் ஓய்ந்துவிடுவார்கள். அப்போதுதான் டெங்கு தொடங்கும், அடகு வைத்த நகையின் வட்டி ஏறும், கூலி வேலை கிடைக்காத வீட்டில் இரண்டு வேளைச் சாப்பாடு ஒரு வேளையாகும். தூக்கமின்மையும், மழை இருண்டாலே நடுங்கும் பிள்ளைகளும் அப்போதுதான் வெளியே தெரிவார்கள்; பேச ஆள் வேண்டுவோருக்குத் தேசிய மனநல உதவி இலக்கமான 1926 உண்டு. ஆகவே ஒரு குழுவுக்கு நூறு குடும்பங்களுக்கு ஒரு முறை கொடுக்கும் வசதி இருந்தால், பத்துக் குடும்பங்களை எடுத்து ஆறு மாதம் பார்ப்பது மேல் என்பதே என் நிலைப்பாடு. இதை ஏற்காதவர்களும் உண்டு. மற்ற தொண்ணூறு குடும்பங்களின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்பார்கள். அந்தத் தொண்ணூறையும் வேறு ஒன்பது குழுக்கள் பிரித்தெடுப்பதற்குத்தான் பிரதேச செயலகத்தில் கூடும் ஒருங்கிணைப்புக் கூட்டம் இருக்கிறது. அதற்குப் போய் உட்காருங்கள்.

மிஞ்சிய பணத்தையும் பொருளையும் என்ன செய்வது?

கொடுத்தவர்களுக்கு அறிவித்துவிட்டு, பணத்தை அதே ஊரின் கிணறு, கூரை, வலை வேலைகளுக்கு மாற்றுங்கள். தறப்பாள், கயிறு, தண்ணீர்த் தாங்கி, பெரிய சமையல் பாத்திரங்கள், இறைக்கும் இயந்திரம் ஆகியவற்றைக் கழுவி உலர்த்தி, பொறுப்பாளரின் பெயரெழுதி, நீர் ஏறாத ஒரு கட்டடத்தில் பூட்டி வையுங்கள். இயந்திரத்தை ஒவ்வொரு புரட்டாதியிலும் ஒரு முறை இயக்கிப் பார்க்க வேண்டும்.